தொப்பியைப் பற்றும் புரதங்கள்: அவற்றின் இருப்பிடம் தெளிந்த வரலாறு

ஒரு பொருள் யாது என்னும் வினாவும் அது எங்குள்ளது என்னும் வினாவும் வேறுவேறானவை போலத் தோன்றும். அரசியல் கூறப்புகுந்த திருக்குறளின் பொருட்பால் காலமறிதலை அடுத்து இடனறிதலை வைத்தது. தூதுக்கும் தனி அதிகாரம் வகுத்தது. செயலை இடத்தினின்றும் பிரித்து அறியவியலாது என்பது அவ்வைப்பு முறையாற் புலனாகும். இவ்வுண்மையைச் சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உயிரியலார் வேறொரு வழியிற் கண்டறிந்தனர். அவர்கள் ஆராய்ந்த தூது, கலத்தினுள்ளே நிகழும் தூதாகும்.

கலத்தின் கருவிலிருந்து புரதம் ஆக்கும் கட்டளையைத் தாங்கி வெளியே வரும் மூலக்கூறு தூது ஆர்.என்.ஏ. எனப்படும். அதன் தலைப்பில் 'தொப்பி' என வழங்கும் சிறு வேதியியற் கூறு ஒன்று உண்டு. அத்தொப்பியைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் சில உள. அவற்றுள் முதலாவது 1976இல் அறியப்பட்டது. அதன்பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அத்தகைய புரதத்தின் இடம் குழியவுருவே எனப் பெரும்பாலும் கொள்ளப்பட்டது. இக்கொள்கை பிழையான பரிசோதனையால் எழுந்ததன்று. பரிசோதனைகள் யாவும் செம்மையானவை. அவற்றுக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட வைரசுகளும் கலங்களுமே பார்வையை ஒருபாற் படுத்தின. தேடிய இடத்திலேயே பொருள் அகப்பட்டது. தேடாத இடம் வெற்றிடமெனக் கருதப்பட்டது. இவ்வரலாற்றை முறைப்பட நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

கருவும் குழியவுருவும்

உயர் உயிர்களின் கலம் இரு பெரும் பகுதிகளை உடையது. மென்சவ்வாற் சூழப்பட்ட கரு ஒன்று. அதனைச் சூழ்ந்துள்ள குழியவுரு மற்றொன்று. பரம்பரையலகுகளைத் தாங்கும் டி.என்.ஏ. கருவினுள் இருக்கின்றது. புரதம் ஆக்கப்படுவதோ குழியவுருவில். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரசெல்சு நகரிற் சான் பிறசேயும், ஸ்ரொக்கோம் நகரில் தோர்பியோர்ண் கஸ்பேர்சனும் ஒருவரையொருவர் சாராது ஒரே முடிபுக்கு வந்தனர். புரதத்தை மிகுதியாக ஆக்கும் கலங்களின் குழியவுருவில் ஆர்.என்.ஏ.யும் மிகுந்துள்ளது என்பதே அம்முடிபு. பிறசே சாயங்களையும் ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தையும் கையாண்டார். கஸ்பேர்சன் ஊதாக்கடந்த கதிர்களைக் கலத்தினூடு செலுத்தி அளந்தார். இருவரும் கலத்தை உடைத்துக் கலக்காது, அதன் அமைப்பு அமைந்தவாறே கண்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1955இல் நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் நிலையத்தில் ஜோர்ஜ் பலாடே இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் குழியவுருவில் நுண்ணிய மணிகளைக் கண்டு விவரித்தார். பின்னர் இறைபோசோம் எனப் பெயர் பெற்ற அவையே புரதம் ஆக்கும் பட்டடைகள். கருவிலுள்ள கட்டளை இறைபோசோமை அடைவது எங்ஙனம் என்னும் வினா எஞ்சி நின்றது. 1961இல் பிறென்னர், ஜேக்கப், மெசல்சன் ஆகியோர் ஒருபாலும், குறோ, உவாற்சன் முதலியோர் மற்றொருபாலும், குறுகிய வாழ்நாளையுடைய தூது ஆர்.என்.ஏ. உண்டென்பதைப் பரிசோதனையால் நிறுவினர். அப்பரிசோதனைகள் பற்றீரியாவிற் செய்யப்பட்டன. பற்றீரியாவுக்கு மென்சவ்வுடைய கரு இல்லை. தூது பிறக்கும் இடமும் பணி செய்யும் இடமும் அங்கு ஒன்றே. ஆகவே 'தூது எவ்வழியே செல்கின்றது, உடன் செல்வோர் யாவர்' என்னும் வினா அப்பொழுது எழ இடமிருக்கவில்லை.

தொப்பி அறியப்பட்டமை

யப்பானின் மிசிமா நகரிலுள்ள தேசியப் பரம்பரையியல் நிலையத்தில் யசுஹிரோ பூருயிச்சி பட்டுப்புழுவைத் தாக்கும் வைரசு ஒன்றை ஆராய்ந்து வந்தார். அவ்வைரசு ஆர்.என்.ஏ. ஆக்குவதற்கு மெதயிற் கூட்டங்களை வழங்கும் சேர்வை ஒன்று வேண்டப்படுவதை அவர் 1974இல் வெளியிட்டார். மறு ஆண்டில் அவரும் மியூராவும் அந்த ஆர்.என்.ஏ.யின் தலைப்பில் வழமைக்கு மாறான அமைப்பொன்று இருப்பதை அறிவித்தனர். அதே 1975இல் நியூ ஜேர்சி மாநிலத்து நட்லி நகரிலிருந்த றோச் மூலக்கூற்று உயிரியல் நிலையத்தில் ஏரன் ஷற்கின், பூருயிச்சி, மோகன், முத்துக்கிருஷ்ணன் ஆகியோர் றியோவைரசிலும், உவெய், மொஸ் ஆகியோர் வக்சினியா வைரசிலும் அத்தகைய அமைப்பையே கண்டனர்.

அவ்வமைப்பின் இயல்பு பின்வருமாறு. ஆர்.என்.ஏ. சங்கிலியின் அலகுகள் யாவும் ஒரே திசையில் இணைக்கப்பட்டுள்ளன. தலைப்பில் மட்டும் ஏழாம் இடத்தில் மெதயிற் கூட்டத்தைத் தாங்கும் குவானோசின் ஒன்று, மூன்று பொசுபேற்றுக் கூட்டங்களின் வழியே தலைகீழாகப் பொருத்தப்பட்டுள்ளது. சங்கிலியை முனையிலிருந்து அரிக்கும் நொதியங்களுக்கு இத்தலைகீழ்ப் பிணைப்பு ஒரு தடையாகின்றது. மேலும், 1975இலேயே போத், பனர்ஜி, ஷற்கின் ஆகியோர் கோதுமை முளையச் சாற்றைக் கொண்டு செய்த பரிசோதனைகளில், மெதயிலேற்றிய தொப்பியையுடைய தூது ஆர்.என்.ஏ. புரதமாக நன்கு பெயர்க்கப்படுவதையும், மெதயிற் கூட்டமற்றது அங்ஙனம் பெயர்க்கப்படாமையையும் காட்டினர். எனவே தொப்பி, காப்பாகவும் அடையாள முத்திரையாகவும் அமைகின்றது என்பது தெளிவாயிற்று.

ஈண்டு ஒரு செய்தி உற்றுநோக்கற்பாலது. பட்டுப்புழுவின் வைரசு, றியோவைரசு, வக்சினியா ஆகிய மூன்றும் குழியவுருவிலேயே பெருகுபவை. அவை தமது தொப்பியைத் தாமே ஆக்கும் நொதியங்களைத் தம் துணிக்கையினுள்ளே கொண்டவை. கலத்தின் கருவை இதன்பொருட்டு நாடாதவை. அதனாலேயே தொப்பியின் வேதியியல் எளிதில் வெளிப்பட்டது. ஆயினும் அதே காரணத்தால், தொப்பியின் கதை குழியவுருவிற் தொடங்கிக் குழியவுருவிலேயே முடிவது போன்ற தோற்றமும் உண்டாயிற்று. விலங்குக் கலங்களின் சொந்தத் தூது ஆர்.என்.ஏ. கருவினுள்ளேயே தொப்பி அணிகின்றது என்பது 1975, 1976ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளாற் புலப்பட்டது. எனினும் கருவினுள் அத்தொப்பியைப் பற்றுவது யாது என்பதைத் தேடுவோர் அன்று மிகச் சிலரே.

முதற் புரதமும் கருவற்ற கலமும்

முத்திரை உண்டெனில் அதனைப் படிப்பதும் ஒன்று இருத்தல் வேண்டும். 1976இல் பிலிப்போவிச், பூருயிச்சி, ஷற்கின், சேவெரோ ஒச்சோவா முதலியோர், ஆட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் முளையங்களிலிருந்து தொப்பியைப் பற்றும் புரதமொன்றைப் பற்றி அறிவித்தனர். 1978இல் நாகும் சொனென்பேர்க்கும் ஷற்கின் குழுவினரும் தொப்பியையும் அதனைத் தொடும் புரதத்தையும் வேதிப் பிணைப்பால் ஒன்றாக்கி, ஏறத்தாழ 24,000 மூலக்கூற்று நிறையுடைய ஒரு புரதமே தொப்பியைத் தனித்துப் பற்றுகின்றது எனக் காட்டினர். 1979இல் தொப்பியையொத்த சேர்வையைச் சிறுமணிகளிற் பிணைத்து ஒரு குழாயில் நிரப்பி, அதனூடு கலச்சாற்றைச் செலுத்தி அப்புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். மற்றைய புரதங்கள் ஒழுகிச் செல்ல, இஃது ஒன்றே தொப்பியைப் பற்றி நின்றது. பிற்காலத்தில் இப்புரதம் புரத ஆக்கத்தின் நான்காம் தொடக்கக் காரணியுள் அடங்கும் 'ஈ' உறுப்பு எனப் பெயரிடப்பட்டது. இக்கட்டுரையில் அது 4ஈ எனச் சுருங்கக் குறிக்கப்படும்.

இப்புரதத்தைப் பெறுவதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டவை முயலின் முதிராச் செங்குழியங்கள். புரத ஆக்கத்தை ஆராய்வோர்க்கு அவை மிக உகந்தவை, குருதியின் ஈமோகுளோபினை இடையறாது ஆக்குபவை, எளிதிற் சாறாக்கத்தக்கவை. ஆயின் பாலூட்டிகளின் செங்குழியம் அந்நிலையை அடையுமுன்னரே தன் கருவை வெளியேற்றிவிடுகின்றது. கருவே இல்லாத கலத்திலிருந்து எடுத்த புரதம் கருவிலும் உண்டோ என்று அக்கலத்தைக் கொண்டு வினவ இயலாது. மேலும் அப்புரதம் இறைபோசோம்களைச் செறிந்த உப்புக் கரைசலாற் கழுவிய நீரிலிருந்து எடுக்கப்பட்டது. இறைபோசோமைக் கழுவினார்க்கு இறைபோசோமுடன் இருந்ததே கிடைக்கும். ஆகவே 4ஈ குழியவுருவின் புரதம் என்னும் கருத்து, மறுக்கத்தக்க சான்று ஒன்றுமின்றி நிலைபெற்றது. அதற்கு எதிரான சான்று தோன்றத்தக்க களமே அமைக்கப்படவில்லை.

கலத்தை உடைத்து ஆராயும் முறைக்கும் இயல்பான ஓர் எல்லை உண்டு. கலம் உடையும்போது கருவிலிருந்து கரையக்கூடிய புரதங்கள் கசிந்து குழியவுருச் சாற்றிற் கலத்தல் கூடும். குழியவுருவின் புரதங்கள் கருவின்மேற் படிதலும் கூடும். யாது யாண்டிருந்தது என்னும் செய்தி அக்கணத்திலேயே ஓரளவு அழிந்துபடுகின்றது.

கருவினுள் வேறொரு புரதம்

கருவைச் சார்ந்தும் தொப்பியைப் பற்றும் புரதங்கள் உள என்பதை 1983இல் வியன்னா நகரிற் பற்செல்ற், பிளாசு, கூக்லர் ஆகியோர் எடுத்துக் காட்டினர். 1990இல் யப்பானிய ஆய்வாளரான ஓனோ, கத்தவோக்கா, சிமுரா ஆகியோர் மனிதக் கலங்களின் கருச்சாற்றிலிருந்து அத்தகைய புரதமொன்றை விவரித்தனர். ஐதெல்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் இயன் மத்தாயின் குழுவினர் இப்பொருளை வேறொரு வழியில் அணுகினர். அவர்கள் ஆபிரிக்கத் தவளையின் முட்டைக் கலத்தைக் கையாண்டனர். அக்கலத்தின் கரு நுண்ணூசியாற் குத்தத்தக்க அளவு பெரியது. பல்வேறு தொப்பிகளையுடைய ஆர்.என்.ஏ.க்களை அக்கருவினுட் செலுத்தி, எவை வெளியேறுகின்றன என அளந்தனர். ஒரு மெதயிற் கூட்டத்தையுடைய இயற்கைத் தொப்பி, வெளியேற்றத்துக்குத் துணைபுரிகின்றது என ஹம்மும் மத்தாயும் 1990இல் அறிவித்தனர். உயிர்க்கலத்தின் அறைகள் சிதையாதிருக்கவே செய்யப்பட்ட பரிசோதனை இது.

அதே ஆய்வுகூடத்தில் எலிசா இசவுரால்டே, மத்தாயுடன் சேர்ந்து 1992இல் தொப்பியைப் பற்றும் கருப்புரதமொன்று ஏற்றுமதிக்கு உதவக்கூடும் எனக் காட்டினார். வார்சோவிலிருந்து இரசாயன அறிஞர் ஸ்ரெப்பின்ஸ்கியும் டார்சின்கியேவிச்சும் ஆக்கியளித்த தொப்பியொத்த சேர்வைகள் இவ்வாய்வுக்கு இன்றியமையாத கருவிகளாயின. 1994இல் அப்புரதம் தனித்தியங்குவதன்று, நிறையெண்களால் 80 எனவும் 20 எனவும் குறிக்கப்படும் இரு புரதங்களின் கூட்டு என்பதும், தூது ஆர்.என்.ஏ.யின் வேண்டாப் பகுதிகளை வெட்டி ஒட்டும் பணிக்கும் அது உதவுகின்றது என்பதும் வெளிப்பட்டன. ஆகவே கருவினுள் தொப்பியைப் பற்றுவது ஒன்று. இறைபோசோமின் முன் தொப்பியைப் பற்றுவது மற்றொன்று. அமைப்பிலும் இரண்டும் வேறானவை. 4ஈ தொப்பியைத் தன் இரு திரித்தோபன் அலகுகளிடையே இடுக்கிப் பிடிக்கின்றது என 1997இலும், கருவின் கூட்டு அதனை இரு தைரோசின் அலகுகளிடையே பிடிக்கின்றது என 2002இலும் அறியப்பட்டது.

கருத்துளையின் வழியே

ஒரு தூதை அதன் பயணத்தினிடையே கண்ணாற் கண்ட பெருமை ஸ்ரொக்கோமின் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சார்ந்தது. கஸ்பேர்சன் பணியாற்றிய நிலையமும் அதுவே. அங்குப் பேர்த்தில் டானெகோல்ற் குழுவினர் கைரோனோமசு என்னும் கொசுவையொத்த பூச்சியின் குடம்பியை ஆராய்ந்தனர். அதன் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பெரிய நிறமூர்த்தங்களில் வீங்கிய வளையங்கள் தோன்றும். 1881இல் அவற்றை விவரித்த பல்பியானியின் பெயரால் அவை பல்பியானி வளையங்கள் எனப்படுகின்றன. அவ்வளையங்களில் ஆக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. மிக நீண்டது, புரதங்களுடன் சேர்ந்து ஏறத்தாழ 50 நானோமீற்றர் விட்டமுள்ள துணிக்கையாகச் சுருள்வது, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தனித்தனியே காணத்தக்கது. அத்துணிக்கை கருத்துளையை அடைந்ததும் நெகிழ்ந்து, தலைப்பு முந்த நாடாவைப் போல் நுழைந்து செல்வதை 1992இல் அக்குழுவினர் காட்டினர்.

1996இல் விசா, இசவுரால்டே, மத்தாய், டானெகோல்ற் முதலியோர் ஒருங்கு சேர்ந்து, கருக்கூட்டின் 20 என்னும் புரதத்துக்குரிய பிறபொருளெதிரிகளைக் கொண்டு அச்சுரப்பியை ஆராய்ந்தனர். ஆர்.என்.ஏ. ஆக்கப்பட்டுக்கொண்டிருக்கும் போதே அப்புரதம் அதில் ஏறிவிடுகின்றது. துணிக்கையுடன் கருச்சாற்றினூடு செல்கின்றது. கருத்துளையையும் அதனோடு கடக்கின்றது. கருவுக்குரியது எனப் பெயர் பெற்ற புரதம் குழியவுருவின் வாயிலைக் கடந்து நின்றது. அதே ஆண்டில் கோர்லிக் முதலியோரின் ஆய்வு, குழியவுருவில் இம்போட்டின் என்னும் புரதம் அக்கூட்டைத் தொப்பியினின்று விடுவித்துக் கருவுக்கு மீண்டும் அழைத்துச் செல்ல உதவுவதைக் காட்டியது. 2001இல் லின் மக்குவாட்டின் குழுவினர், கருக்கூட்டை இன்னும் தாங்கிய தூதும் முதன்முறை படிக்கப்படக்கூடும், பின்னரே 4ஈ அவ்விடத்தைப் பெறுகின்றது என்பதற்குச் சான்று தந்தனர். கைமாற்றம் நிகழும் எல்லைக்கோடு கருமென்சவ்வுடன் முற்றாகப் பொருந்துவதன்று என்பது இதனாற் பெறப்படும்.

கருவினுள் 4ஈ

கருவின் புரதம் வெளியே காணப்பட்டது போலவே, வெளியிற் புரதம் உள்ளே காணப்பட்டது. 1992இல் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் லெய்ப்கோவிச், சொனென்பேர்க் முதலியோர் ஒளிரும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு நோக்கியபோது 4ஈயின் ஒரு பகுதி கருவினுள் ஒளிர்ந்தது. குழியவுருவுக்குரியது என்னும் கருத்துக்கு வேராக நின்ற ஆய்வுகளைச் செய்தவரே அதனைத் திருத்தவும் முன்வந்தமை ஆராய்ச்சி மரபுக்கு அணி செய்வதாகும். 1994இல் மதுவத்திலும் 4ஈ கருவினுட் காணப்பட்டது. 2000ஆம் ஆண்டில் டோஸ்ரி முதலியோர், 4ஈ தானே கருவினுட் புகுவதற்கு வேறொரு புரதம் துணையாவதைக் கண்டு அதனை '4ஈ காவி' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அக்காவி கருவினுட் செல்லும் குறியையும் வெளியேறும் குறியையும் ஒருங்கே உடையது. ஓரிடத்தில் தங்காது போக்கும் வரவும் புரிவது.

குழியவுருவினுள்ளும் 4ஈ எங்கும் சமமாகப் பரந்திருப்பதன்று. 2005இல் வெளிவந்த ஆய்வுகள், தூது ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியங்கள் திரண்டுள்ள நுண்மணிகளில் 4ஈயும் அதன் காவியும் உள என்பதைக் காட்டின. 4ஈயை இறைபோசோமுடன் இணைக்கும் கூட்டாளியான 4ஜீ என்னும் புரதம் அங்கே காணப்படவில்லை. வெப்பம் முதலியவற்றால் கலம் இடருறும்போது தோன்றும் வேறுவகை மணிகளில் இவ்விரு புரதங்களும் காணப்பட்டன. ஒரே 4ஈ, 4ஜீயுடன் சேர்ந்தவிடத்துப் புரத ஆக்கத்தைத் தொடக்குகின்றது. காவியுடன் சேர்ந்தவிடத்துத் தூதை அடக்கி வைக்கின்றது. அதன் தொழிலை அதன் பெயரால் மட்டும் கூறவியலாது. யாருடன், எங்கு என்பனவும் கூறல் வேண்டும்.

நோயும் இருப்பிடமும்

இவ்வாராய்ச்சி வெறும் அறிவு வேட்கையோடு அமைந்ததன்று. 1990இல் லசாரிஸ்-கரற்சாசு, மொன்ரைன், சொனென்பேர்க் ஆகியோர், 4ஈயை மிகுதியாக ஆக்கும் எலிக் கலங்கள் புற்றுநோய்க் கலங்களின் இயல்பை அடைவதைக் காட்டினர். புரத ஆக்கம் மிகுதலே காரணம் எனின் விளக்கம் எளிது. ஆயின் 1996இல், 4ஈ மிகுந்த கலங்களிற் கலப்பிரிவைத் தூண்டும் சைக்கிளின் டி1 புரதத்துக்குரிய தூது, கருவிலிருந்து வழமையிலும் மிகுதியாக வெளியேறுவது அறியப்பட்டது. கதரின் போர்டனின் குழுவினர் கருவினுள் 4ஈ ஆற்றும் இத்தொழிலைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். கடுமையான குருதிப் புற்றுநோயின் சில வகைகளில் 4ஈ கருவினுள் மிகுந்து திரண்டிருப்பதை அவர்கள் கண்டனர்.

2009இல் வெளிவந்த சிறு மருத்துவப் பரிசோதனையொன்றில் அத்தகைய நோயாளர் சிலருக்கு வைரசு எதிர்ப்பு மருந்தாகிய றிபவிரின் வழங்கப்பட்டது. மருந்தாற் பயன்பெற்றோரின் கலங்களில் 4ஈ கருவினின்று குழியவுருவுக்குப் பெயர்ந்திருந்தது. அம்மருந்து தொப்பியைப் போல நடித்து 4ஈயை ஏமாற்றுகின்றது என்னும் விளக்கத்தை வேறு ஆய்வாளர் 2005இலேயே மறுத்துள்ளனர். அவ்விவாதம் தனியே ஆராயற்பாலது. எவ்வாறாயினும், ஒரு புரதத்தின் அளவேயன்றி அதன் இருப்பிடமும் நோயின் குறியாக நோக்கப்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

2020இன் இறுதியிலிருந்து கோவிட் நோய்க்கு எதிராகப் பல நாடுகளில் இடப்பட்ட தூது ஆர்.என்.ஏ. தடுப்பு மருந்துகளும் இவ்வரலாற்றின் கிளையே. ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட அத்தூதுகளுக்கும் தொப்பி அணிவிக்கப்பட்டது. கருவிற் பிறவாது குழியவுருவிலேயே இறக்கப்படுவதால், கருக்கூட்டின் துணையின்றியே அவை புரத ஆக்கப் பொறியைச் சென்றடைகின்றன. பட்டுப்புழு வைரசின் தூது குழியவுருவிற் பிறந்து குழியவுருவிற் படிக்கப்பட்டது போன்றதே இந்நிலையும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று படிகள் புலனாகின்றன. முதற்படியிற் கலம் உடைக்கப்பட்டது. புரதம் தூய்மையாகக் கிடைத்தது. அதன் வேதியியல் தெளிந்தது. இரண்டாம் படியிற் கலம் உடையாது நோக்கப்பட்டது; கருவுக்கு ஒரு புரதம், குழியவுருவுக்கு ஒரு புரதம் என்னும் பங்கீடு தோன்றியது. மூன்றாம் படியில் அப்பங்கீடும் நெகிழ்ந்தது. இரு புரதங்களும் எல்லையைக் கடந்து செல்பவை எனத் தெளிவாயிற்று. முதற்படியை இகழ்தல் தகாது. 1979இல் 4ஈ தூய்மையாகப் பிரித்தெடுக்கப்படாதிருப்பின், 1992இல் அதனைக் கருவினுட் காட்டிய பிறபொருளெதிரியை ஆக்குதற்கு இடமிருந்திராது.

ஆயினும் மாணவர் உளங்கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. கருவற்ற செங்குழியம் தனக்குத் தெரிந்ததை மெய்யாகவே கூறியது. கருவைப் பற்றி அது கூறாதிருந்தமையை, கருவில் ஒன்றும் இல்லை என்னும் விடையாகக் கொண்டதே நேர்ந்த குறை. ஒரு சான்றை மதிப்பிடுவோர் அஃது எவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், அவ்விடம் எவ்வினாவுக்கு விடை தரவல்லது என்பதையும் முதற்கண் வினவுதல் வேண்டும். வரலாற்று மாணவர் ஓலையையும் கல்வெட்டையும் ஆராயும்போது கைக்கொள்ளும் இவ்வொழுங்கு, கலத்தை ஆராய்வோர்க்கும் பொதுவாகும்.